தொடர்ந்து வாசிக்கும் ஃபேன்ஃபிக்கில் குறை கண்டால் சொல்லலாமா? எப்படிச் சொல்வது?

வைகைக்கரை:

இங்கே பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் (நாவலை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள்) வாசிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எழுதுபவர்களும் இருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

இத்தகைய கதைகளுக்கான ஏஓ3 தளத்தில் ஒரு தொடர்கதையை முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்து வருகிறேன். பொன்னியின் செல்வனுக்கு அங்கே வரும் கதைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இது தமிழில் வருகிறது என்பதாலேயே எனக்குத் தனி ஒட்டுதல். கதையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எழுதுபவரை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறந்த இரவில் தொடங்குகிறது. முழுக்க மணிமேகலையின் பார்வை. கல்கியின் கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் தலைவைத்து உயிர் விடுகிறாளே, இந்தக் கதையில் அவள் சாகவில்லை. பிழைத்து எழுந்து, தானே தலையில் போட்டுக்கொண்ட கொலைப்பழியோடும் அண்ணனோடும் குடும்ப மானத்தோடும் மறுபடி வாழ வேண்டியிருக்கிறது.

வார இதழில் வந்த பக்கங்களைக் கிழித்து அம்மா பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பில்தான் நான் பொன்னியின் செல்வன் படித்தேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் மறுவாசிப்பில் எப்போதும் தாண்டிவிடுவேன். அதனால் இந்தக் கதை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் புரியும்.

சரி, எனக்கு இடறியவை இவை. ஒன்பதாம் அத்தியாயத்தில் மணிமேகலை தஞ்சைக்கு வந்து பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து அழுகிறாள். அருள்மொழி இன்னும் பட்டத்துக்கே வரவில்லை, கோயில் எங்கிருந்து வரும்? பதின்மூன்றில் கடம்பூர் அடுக்களையில் மிளகாய் அரைக்கிறார்கள். அப்புறம் அவள் அண்ணன் கந்தமாறன். நாவலில் அவன் அவசரக்காரன், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவன், ஆனால் தங்கை மேல் பாசம் உள்ளவன். இந்தக் கதையில் அவளை அறையில் வைத்துப் பூட்டுகிறான், கை நீட்டுகிறான். என்னால் தாங்க முடியவில்லை. கடைசியாக வந்த மூன்று அத்தியாயங்களும் ஒரே கனவையே சுற்றி வருகின்றன, கதை நகரவில்லை.

கருத்துப் பகுதியில் பெரும்பாலும் "நைஸ் யூடி சிஸ்", "அடுத்த எபி எப்போ?" ரகம்தான் (யூடி என்றால் புதிதாகப் போட்ட பகுதி, எபி என்றால் அத்தியாயம்). மிளகாய்க்கு மட்டும் ஒருவர் வந்து, "மிளகாயைக் கொண்டுவந்ததே போர்ச்சுகீசியர்கள். இதுகூடத் தெரியாமல் எதற்குச் சரித்திரக் கதை?" என்று எழுதிவிட்டுப் போனார். ஆசிரியர் பதில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த கதை அதற்குப் பிறகு வரவும் இல்லை.

நான் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொன்னால் இவற்றில் எதை, எங்கே? பிடித்திருக்கிறது என்று காட்டும் குடோஸ் கொடுத்ததைத் தவிர இதுவரை அவரிடம் நான் ஒன்றும் பேசியதில்லை.

நாணல்:

தாராளமாகச் சொல்லுங்கள், சகோதரி. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பொதுவில் வைத்த கதையைப் பற்றிப் பொதுவில் பேசுவார்கள், அது இயல்பு. 1950 முதல் 1954 வரை கல்கி வாரா வாரம் எழுதியபோது வாசகர்கள் சும்மாவா இருந்தார்கள்? கதை முடிந்த பிறகு, "இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குக் கல்யாணம் நடந்ததா" என்றெல்லாம் கேட்டவர்களுக்கு அவர் முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அவரைவிடப் பெரிய எழுத்தாளரா இவர்?

பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010-இல். கரிகாலன் கொலை அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு முந்தியது. இளம் பிள்ளைகள் இப்போது வரலாற்றை இத்தகைய கதைகளிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். தவறை யாரும் திருத்தாமல் விட்டால் அதுவே அவர்கள் மனத்தில் நின்றுவிடும். அந்த மிளகாய்க்காரர் சொன்ன தொனி சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். சொன்ன விஷயம் சரி.

ஒற்றெழுத்து:

வைகைக்கரை, சொல்லுங்கள். ஆனால் நீங்கள் எழுதிய நான்கும் ஒரே வகைக் குறைகள் அல்ல. நான்கையும் ஒரே கருத்தில் கொட்டினால், வாசிப்பவருக்கு மிளகாய்க்காரரின் கருத்தைவிட அது பெரிய அடியாக விழும்.

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. படம் வந்த 2022-லிருந்து பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் எழுதும் சிலருக்கு பீட்டா வாசகியாகவும் இருக்கிறேன், அதாவது பதிவேற்றும் முன் வாசித்துக் குறை சொல்கிறவள். பதிப்பகத்தில் ஒரு பிரதி என் மேசைக்கு வரும்போது ஆசிரியர் என்னிடம் தவறு கண்டுபிடிக்கச் சொல்லித்தான் அனுப்புகிறார். அங்கே நான் இரக்கமே காட்டுவதில்லை, காட்டவும் கூடாது. பதிவேற்றிய கதை அப்படி அல்ல. எழுதியவர் திருத்தச் சொல்லி அதை நம்மிடம் தரவில்லை, வாசிக்கத் தந்திருக்கிறார்.

நாணல் ஐயா, நீங்கள் சொன்ன கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்கிக்குப் போன கடிதம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனது. அவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். எதற்குப் பதில் சொல்வது, எதை அச்சில் போடுவது என்பது அவர் கையில் இருந்தது. இங்கே கருத்து அத்தியாயத்தின் அடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வருகிற ஒவ்வொரு வாசகரும் கதையை முடித்த கையோடு அதைத்தான் பார்க்கிறார். ஆசிரியர் அழிக்கலாம், ஆனால் அழித்தால் "விமர்சனம் தாங்காதவர்" என்று பெயர் வரும். விட்டால் அது அங்கேயே கிடக்கும். வேலைக்குப் போய் வந்து, ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு காசும் வாங்காமல் ஃபோனில் தட்டி எழுதுகிறவர்கள்தான் பாதிப் பேர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

முதலில் ஆசிரியர் குறிப்பைப் படியுங்கள், கதையின் தலையிலும் அத்தியாயத்தின் காலிலும் இருக்கும். "குறைகளைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று சிலர் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் தைரியமாகச் சொல்லலாம். "மனசுக்காக எழுதுகிறேன், திருத்தம் வேண்டாம்" என்று இருந்தால் அதோடு நிறுத்த வேண்டும், மிளகாய் என்றாலும் சரி. ஒன்றுமே எழுதவில்லை என்றால் கேட்டுவிடுவது நல்லது. "ஓரிரு சரித்திர விவரங்கள் கண்ணில் பட்டன, சொல்லட்டுமா?" என்றால் போதும். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் இருக்கிறது.

இப்போது உங்கள் நான்கு.

மிளகாயை விட்டுவிடுங்கள். ஒருவர் சொல்லியாயிற்று. அதே தவறை இரண்டாவது ஆளும் சொல்லும்போது ஆசிரியருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, கூட்டமாக நின்று சுட்டிக்காட்டுவது போல இருக்கும். யாரும் சொல்லாமல் இருந்திருந்தால், "அந்தக் காலத்தில் மிளகுதான், ஒரு சொல்லை மாற்றினால் போதும்" என்று மாற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பெரிய கோயிலைச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது ஒரு சொல் அல்ல, ஒரு முழுக் காட்சியே அந்த விமானத்தின் உயரத்தில் நிற்கிறது. "கோயில் அப்போது இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் அந்தக் காட்சியை இழக்கிறார். நாவலிலேயே தஞ்சையில் தளிக்குளத்தார் ஆலயம் இருக்கிறது. சேந்தன் அமுதன் பூ எடுத்துக்கொண்டு போவானே, அதுதான். சின்னக் கோயில். அண்ணாந்து பார்க்க விமானம் இல்லாத இடத்தில், பூக்கூடையோடு அமுதன் வந்து நிற்கும் இடத்தில் மணிமேகலை அழுதால் அந்தக் காட்சி என்ன ஆகும்? எனக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும் என்று படுகிறது. முடிவு அவருடையது. ஆனால் தவறைச் சொல்லும்போது கையில் இப்படி ஏதாவது இருந்தால் நல்லது.

கந்தமாறன் விஷயத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை. அது தவறு இல்லை, அவருடைய வாசிப்பு. நாவலில் கந்தமாறன் தஞ்சையில் முதுகில் குத்துப்படுகிறான், குத்தியது உயிர் நண்பன் வந்தியத்தேவன்தான் என்று நம்புகிறான். எவ்வளவு காலம் அந்த நம்பிக்கையோடு இருக்கிறான்! அப்படிப்பட்டவனுடைய தங்கை அதே வந்தியத்தேவனைக் காப்பாற்ற, அவர்கள் வீட்டிலேயே நடந்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். கல்கி அவனை மன்னிக்கத்தக்க முட்டாளாக விட்டார். இந்த ஆசிரியர் அதே விதையிலிருந்து வேறு மரம் வளர்க்கிறார். உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், "கந்தமாறன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது. மணிமேகலை பிழைப்பதும் நாவலில் இல்லாததுதானே, அதை நீங்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டீர்கள்.

இந்த மூலக்கதைச் சண்டை இப்போது இரட்டிப்பாகிவிட்டது. படத்தில் மணிமேகலையே கிடையாது. படம் மட்டும் பார்த்தவர்கள் வந்து "யார் இந்தப் பொண்ணு, ஓசியா?" என்று கேட்கிறார்கள், அதாவது ஆசிரியர் தானாகப் படைத்த பாத்திரமா என்று. இன்னொரு பக்கம் படத்தை வைத்து எழுதுகிறவர்களிடம் போய், "சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழன், அதுகூடத் தெரியாதா?" என்று நாவல் படித்தவர்கள் பாய்கிறார்கள். நாவலா படமா, எதை மூலமாக வைத்திருக்கிறார்கள் என்று டேகில், அதாவது தலைப்புக்குக் கீழே உள்ள அடையாளக் குறிப்பில், போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் திருத்தக் கிளம்புவது பெரிய அநியாயம். "கல்கியின் சொத்தைத் திருடுகிறாய்" என்று ஒரு பள்ளிப் பெண்ணிடம் ஒருவர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டன. அவை நம் எல்லாருக்கும் சொந்தம், அந்தப் பெண்ணுக்கும்தான்.

கடைசியாக, கதை நகரவில்லை என்பது. இதை இப்போது சொல்ல வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் போட்ட அத்தியாயத்தை அவர் திரும்பப் பிடுங்க முடியாது. அந்தக் கனவு எங்கே போய் முடியப் போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடிந்த பிறகு, கேட்டால் சொல்லுங்கள்.

தளத்துக்குத் தளம் பழக்கமும் வேறு. பிரதிலிபியில் நட்சத்திரம் போடலாம், அங்கே எழுதுகிறவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறார்கள். ஏஓ3-இல் நட்சத்திரமும் கிடையாது, பிடிக்கவில்லை என்று காட்ட ஒரு பொத்தானும் கிடையாது. அங்கே போய்க் கருத்தில் "ஐந்துக்கு மூன்று" என்று எழுதுவது அந்த வீட்டு வழக்கத்துக்கு ஒவ்வாதது. வாட்பேடில் பத்திக்குப் பத்தி கருத்து போடலாம். சிரிப்பும் அழுகையும் அங்கே போட்டால் எழுதுபவருக்குக் கொண்டாட்டம். சந்திப்பிழையைப் பத்திக்குப் பத்தி சுட்டினால் சித்திரவதை. அவர் கேட்டிருந்தால் பிழைகளை மொத்தமாக ஒரே பட்டியலாகக் கொடுங்கள். இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. ஏஓ3-இல் புக்மார்க் செய்யும்போது குறிப்பு எழுத ஒரு பெட்டி வரும். தனக்கு மட்டும் என்று நினைத்து "நல்ல கரு, சுமாரான நடை" என்று எழுதி வைக்கிறார்கள். தனிப்பட்டது என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால் அதை ஆசிரியரும் பார்க்கலாம், ஊரும் பார்க்கலாம்.

உங்களுக்கு நான் சொல்வது: கோயில் விஷயத்தைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பொதுவில் பிடித்ததை மட்டும் எழுதுங்கள்.

மூன்றாம் சாமம்:

ஒற்றெழுத்து அக்கா சொன்னதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கையெடுத்து ஏற்கிறேன், கடைசி வரியைத் தவிர. நான் நந்தினி கதைகள் எழுதுகிறவள், அதனால் வாங்குகிற இடத்திலிருந்து சொல்கிறேன்.

ஏஓ3-இல் தனிச்செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. அப்படியென்றால் வைகைக்கரை அக்கா என்ன செய்வார்? அந்த ஆசிரியரின் பெயரை இன்ஸ்டாகிராமில் தேடுவார், கண்டுபிடித்து அங்கே எழுதுவார். தயவு செய்து வேண்டாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒருவர் என் கதையில் வரும் பாண்டிய நாட்டு விவரம் பற்றிப் பேச வேண்டும் என்று என் சொந்தக் கணக்கைத் தேடிப் பிடித்து, ராத்திரி வந்து எழுதினார். விவரம் சரிதான், மொழியும் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிற எனக்கு, புனைபெயருக்குப் பின்னால் இருக்கிற ஆளை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் முதலில் உறைத்தது. அந்தக் கணக்கை மூடிவிட்டேன். எழுதுகிறவர்களில் பெண்கள் நிறைய. முன்பின் தெரியாத ஒருவர் தனியாக வந்து "உங்கள் கதையில் ஒரு குறை" என்று தொடங்கும்போது நாங்கள் குறையைப் பற்றி யோசிப்பதில்லை, யார் இவர் என்றுதான் யோசிக்கிறோம். ஆசிரியர் தானே தொடர்புக்கு ஒரு முகவரி கொடுத்திருந்தால் அது வேறு.

அதனால் பொதுவிலேயே, கருத்துப் பெட்டியிலேயே சொல்லுங்கள். மென்மையாகச் சொன்ன ஒரு திருத்தம் அங்கே இருப்பதில் எனக்கு அவமானம் இல்லை. நான் திருத்திவிட்டு "நன்றி, மாற்றிவிட்டேன்" என்று கீழே எழுதுவேன், வாசிக்கிறவர்களுக்கும் தெரியும்.

உண்மையிலேயே என்னை எழுத விடாமல் செய்தது ஒப்பீடுதான். "இதே காட்சியை இன்னொருவர் இதைவிட நன்றாக எழுதியிருக்கிறார், படித்துப் பாருங்கள்" என்று லிங்கோடு ஒரு கருத்து வந்தது. நான் அந்த இன்னொருவரையும் வாசிக்கிறவள், அவர் எனக்கு நல்ல தோழி. அவருக்கும் அது சங்கடம். அப்புறம் ஜோடிச் சண்டை. நந்தினியையும் கரிகாலனையும் சேர்த்து எழுதினால், "அவள் ஒரு கொலைகாரி, இவளுக்கா காதல்?" என்று வந்து கத்துவார்கள். கதை அவர்களுக்கானது இல்லை என்று தலைப்புக்குக் கீழேயே டேக் இருக்கும். அதைத் தாண்டி உள்ளே வந்து, முழுக்கப் படித்துவிட்டு, திட்டிவிட்டுப் போகிறார்கள்.

"அடுத்த எபி எப்போ?" பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்பாகத்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் மூவாயிரம் சொல் எழுதிப் போட்ட பத்தாவது நிமிஷம் அது வந்தால், போட்டதை யாரும் படிக்கவே இல்லை என்று தோன்றும். "நந்தினி கண்ணாடியைத் திருப்பி வைத்தது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று ஒரு வரி வந்தால் அன்று ராத்திரியே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். எனக்கு அப்படி ஒரு வரி வந்தது, அந்தக் கதை முடிந்தது அதனால்தான்.

நாணல்:

மூன்றாம் சாமம், நீங்கள் சொன்ன இன்ஸ்டாகிராம் விஷயம் எனக்குப் புதிது. தனியாகச் சொல்வதுதான் நாகரிகம் என்று எங்கள் தலைமுறை நினைக்கும். ஒரு பெண்ணுக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன்.

ஆனாலும் கோயிலைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. ஒற்றெழுத்து அம்மா, மாற்று கொடுக்க வேண்டும் என்றீர்களே, என்னிடமும் ஒன்று இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் சொத்துகளும் கைப்பற்றப்பட்டதைச் சொல்கிறது. கொன்றவர்களோடு நிற்காமல் தண்டனை குடும்பங்களுக்கும் போனது. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட ஒரு பெண் பிழைத்திருந்தால், அவள் அப்பா சம்புவரையர் வீட்டில் எவ்வளவு அச்சம் இருந்திருக்கும்! கந்தமாறன் கதவைப் பூட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அந்த ஆசிரியருக்கு இது பயன்படலாம். எப்படிக் கொடுப்பது என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நாணல் ஐயா, அந்தக் கல்வெட்டைப் படித்ததும் எனக்கே கந்தமாறன் வேறு மாதிரி தெரிகிறான்.

ஆசிரியர் குறிப்பைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில், "மணிமேகலைக்காக எழுதுகிறேன். சரித்திரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று இருக்கிறது. ஆக, கேட்டிருக்கிறார். கருத்து ஒன்றை எழுதிப் பார்த்தேன். போடும் முன் நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா?

"வணக்கம். உங்கள் கதையை முதலிலிருந்து வாசிக்கிறேன். ரொம்ப நன்றாக எழுதுகிறீர்கள். மணிமேகலை எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் பெரிய கோயில் அப்போது கட்டப்பட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன், தவறாக இருந்தால் மன்னிக்கவும். தளிக்குளத்தார் கோயிலாக மாற்றலாம். கந்தமாறனைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருக்கலாம். ஆனாலும் கதை அருமை. அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறேன்."

ஒற்றெழுத்து:

மூன்றாம் சாமம் சொன்னதே சரி, கருத்துப் பெட்டியிலேயே போடுங்கள். உங்கள் வரைவில் கை வைக்கலாம் என்றதால் வைக்கிறேன்.

"ரொம்ப நன்றாக எழுதுகிறீர்கள்" என்பது யாரும் யாருக்கும் எழுதலாம். இவ்வளவு தூரம் வாசித்தீர்களே, மனத்தில் நின்ற ஒரு இடத்தைச் சொல்லுங்கள். அவள் யாழை எடுக்கிற இடமோ, வீரநாராயண ஏரியோ, எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அம்மாவின் பைண்டு புத்தகத்தில் அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தாண்டிவிடுவேன் என்று இங்கே எங்களுக்கு எழுதினீர்கள் பாருங்கள், அதை அவருக்கு எழுதுங்கள். அந்த ஆசிரியர் இந்தக் கதையை எழுதத் தொடங்கியதே அதனால்தான் இருக்கும்.

"என்று நினைக்கிறேன், தவறாக இருந்தால் மன்னிக்கவும்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், தெரியாதவர் போலப் பேசினால் அவர் போய்த் தேடிச் சரிபார்க்க வேண்டியிருக்கும். "பெரிய கோயில் 1010-இல்தான் முடிந்தது, கதை நடப்பது அதற்கு நாற்பது ஆண்டு முன்னால்" என்று நேராகச் சொல்லுங்கள், கூடவே "குறிப்பில் நீங்கள் கேட்டிருந்ததால் சொல்கிறேன்" என்று ஒரு வரி. "மாற்றலாம்" என்பதற்குப் பதிலாக "நாவலில் தளிக்குளத்தார் ஆலயம் வருகிறது, உங்களுக்கு உதவுமா என்று பாருங்கள்". மாற்றாமல் அப்படியே விட்டாலும் அதற்குப் பிறகு நாம் கேட்கக் கூடாது.

"கந்தமாறனைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருக்கலாம்" வேண்டாம். அவன் கதவைப் பூட்டியபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். தாங்க முடியவில்லை என்றீர்கள். அதையே எழுதுங்கள், அவர் எழுதியது வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியட்டும். "ஆனாலும் கதை அருமை" என்பதில் "ஆனாலும்" போக வேண்டும், அது அதுவரை சொன்ன எல்லாவற்றையும் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடுகிறது. காத்திருக்கிறேன் என்பதும் இப்போது வேண்டாம். அவர் நிறுத்தி வைத்திருக்கிறார், ஏன் என்று நமக்குத் தெரியாது. "எப்போது வந்தாலும் வாசிப்பேன்" என்று முடியுங்கள்.

நாணல் ஐயா, உங்கள் கல்வெட்டை இதில் சேர்க்க வேண்டாம், ஒரே கருத்தில் இரண்டு சரித்திரப் பாடம் ஆகிவிடும். அவர் வைகைக்கரைக்குப் பதில் எழுதி, இன்னும் விவரம் கேட்டால், நீங்களே அங்கே கீழே போய் எழுதுங்கள். கந்தமாறன் கதவைப் பூட்ட அது காரணமாகலாம் என்று இங்கே சொன்னீர்களே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, வைகைக்கரை. இதைக் கடைசி அத்தியாயத்தின் கீழே போடாதீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்தின் கீழே போடுங்கள், கோயில் அங்கேதான் வருகிறது. எங்கே போட்டாலும் அவருக்கு மின்னஞ்சலில் வந்துவிடும். அவர் பதில் எழுதும் வரை நீங்கள் உங்கள் கருத்தைத் திருத்தவும் முடியும், அதனால் போட்டபின் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.